நாலு விரல் ஆழம்

…இல்லை, பச்சைக்குக் கீழேதான் இருக்கும், இருந்தே ஆக வேண்டும், கொடுவாள் நாலு விரல் ஆழம் இறங்கிய வெட்டு எங்கே போய்விடும், பட்டி அடைத்துப் பெயிண்ட் பூசினால் பொய்யாகிவிடுமா என்று நஞ்சப்பன் உடைந்த கண்ணாடிச் சில்லால் கதவின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். காரிமங்கலம் அக்பர் அலி பட்டறையில் இரவல் வாங்கிய ப்ளோ லேம்ப் தீ கக்கிச் சீறியது, பச்சை கொப்பளித்தது, கோவிந்தன் முதுகும் இப்படித்தான் கொப்பளிக்கும், தம்பியாம் தம்பி… நாளைக்கு வருகிறானாம், மகள் கல்யாணத்துக்கு அழைக்க, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, பதினாறு வருஷம் கழித்து. வரட்டும். அத்தனை பேரையும் இந்த வெட்டுக்கு முன்னால் நிறுத்தி, இது என் கழுத்துக்கு வந்ததுங்க, கதவு வாங்கிக்கிச்சு, இப்பச் சொல்லுங்க நான் போகணுமா என்று கேட்டால் எவன் வாய் திறப்பான்?

பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே மறுபடி நீலம், எல்லாம் ராமக்காள் ஆசைப்பட்டுப் பூசவைத்தது, ஒவ்வொன்றும் எருமைத்தோல் கனம். மஞ்சளுக்குள் ஒரு கொசு, ஒட்டிய காலோடு அப்படியே இருந்தது, சூடு பட்டதும் எழுந்து பறந்து வந்து அவன் காதில் கடித்தது, கடிக்கட்டும், கோவிந்தன் ஆளாகத்தான் இருக்கும். காஸ்டிக் சோடாவை அள்ளி அப்பினான், விரல் வெந்தது, இதையே அவன் மூஞ்சியில் அப்பினால்… தண்ணீர் முறைக்குத்தானே அந்தச் சண்டை, கிணற்று மோட்டார் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடியதற்கா கொடுவாளைத் தூக்குவான், தான் உள்ளே பாய்ந்து தாழ் போட்டதும் காதுக்குப் பக்கத்தில் பலகை பிளந்து முனை நீட்டியது, அந்த முனையில் தன் மூக்கே தெரிந்ததே, மறக்குமா… கடைசி நீலமும் உரிந்து மரம் வந்துவிட்டது. வேங்கை. மேலிருந்து கீழ்வரை தடவினான். மழித்த கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"என்னங்க, வெட்டு கெடைச்சுதா?" ராமக்காள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"நீ என்னத்த வெச்சுடி மறைச்சே?"

"நானா? அந்தப் பலகை இந்த வூட்டுல இருந்தாத்தானுங்களே. பாகம் பிரிச்சப்ப ரெட்டைக் கதவ ஆளுக்கொண்ணா எடுத்தீங்க. வெட்டுப்பட்டது அவங்க வூட்டுக்குப் போச்சு. வெட்டுனது மட்டும் ஞாபகம் இருக்குது உங்களுக்கு."

ஜோடியாக நின்ற மற்றக் கதவைப் பார்த்தான், அது மாம்பலகை, பிற்பாடு செய்து மாட்டியது, ஆமாம்… மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும், அதுதானே முறை, நல்லதும் வெட்டுப்பட்டதும் சுவரில் சாய்ந்து நிற்க, முதலில் கை வைத்தவன் கோவிந்தன். நல்லதை விட்டுவிட்டு வெட்டுப்பட்டதை எதற்கு எடுத்தான்… மறைக்கவா, பார்த்துப் பார்த்து மறுபடி வெட்டக் கை ஊறவா, இல்லை… லேம்ப் சீறிக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. கோவிந்தன் வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் என்று யோசித்தான். பதினாறு வருஷமாக அந்தத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்ததில், அதற்குப் பெயிண்ட் அடித்திருக்கிறானா, அப்படியே விட்டிருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.