ஒரே நம்பர் இரண்டு முறை

குடோனில் மூட்டை தூக்கியவனுக்கு இடுப்பு விட்டுப்போன பிறகு டிக்கெட் தொழில்தான் சோறு போட்டது. பெரிய கச்சேரிக்கு டிக்கெட்டை நேரே விற்பதில்லை. போன் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குலுக்கலில் விழுந்த நம்பருக்குத்தான் வாங்கும் உரிமை. அவன் குடோன் ஆட்கள் அத்தனை பேரின் நம்பரையும் இரவல் வாங்கிப் பதிந்துவிடுவான். விழுந்ததை எடுத்து, விலை ஏற்றி வெளியே தள்ளுவான். ஒரே நம்பரை இரண்டு முறை பதியக் கூடாது. பதிந்தால் இரண்டுமே குப்பைக்குப் போகும். இது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்த முறை பாடப்போகிறவள், இதோடு மேடையேற மாட்டேன் என்று சொல்லிவிட்ட பாடகி. போட்டி தலைக்குமேல். கடைசியில் மொட்டை என்கிற லோடுமேன் நம்பருக்கு மட்டும் இரண்டு டிக்கெட் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள், முகம்கூடக் கழுவவில்லை.

"என்ன, அதையே முறைச்சுக்கிட்டு இருக்க?"

"என் நம்பர் ரெண்டு தடவை வந்திருக்காம். தள்ளிட்டாங்க. நான் ஒரு தடவைதாங்க போட்டேன்."

போன வாரம் ஆள் பற்றாமல் அவள் நம்பரையும் சேர்த்துப் போட்டவன் அவன்தான்.

"நீ எதுக்குப் போட்ட?"

"எதுக்குப் போடுவாங்க? போய் உக்காந்து கேக்கத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வித்துடுவீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்பதுபோலச் சொன்னாள்.

"இன்னொரு தடவை போட்டது நான்தான்," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஊரான் நம்பரெல்லாம் பத்தலயா உங்களுக்கு?" சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது.

அவன் அவள் முன்னாலேயே, டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருந்த பல் டாக்டரைக் கூப்பிட்டான். "விழுந்துச்சு டாக்டர். ஆனா வீட்ல கேக்குறாங்க... இல்லைங்க, எவ்வளவு குடுத்தாலும் இல்லைங்க."

அடுத்து மொட்டை. அவனுக்கு இதில் பங்கு உண்டு.

"பங்கு கிடக்கட்டும் மாப்ள. தங்கச்சி கேட்டுட்டு வந்து எனக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டட்டும். நீ மட்டும் பாடித் தொலைச்சிடாத."

கச்சேரியன்று வாசல்வரை வந்ததும் பழக்கதோஷத்தில் அவன் கால் ஓரமாக ஒதுங்கியது. எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியவன், ஒருநாளும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை.

"எங்க போறீங்க?" அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே விளக்கணைந்தது. முதல் பாட்டுக்கே அவள் அவன் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அவன் காலை நகர்த்தவில்லை.