தொங்கல்

ஓர் இமையைத் தூக்கித் தைத்தால் இன்னோர் இமை தொங்கியே தீரும். தொங்கலை இடம் மாற்றலாமே தவிர ஒழித்துக்கட்ட முடியாது. இது அந்த ஊரில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

செண்பகவல்லிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுத் தொங்கல் முழுக்க அவள் கண்ணில்தான். முகவாயைத் தூக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்க வேண்டும். தெருவில் அதற்குத் திமிர் என்று பெயர். திமிர் பிடிக்கவும் தெம்பு வேண்டாமா? குழம்பு கொதிக்கும்போது ஒரு கை கரண்டியில், ஒரு கை இமையில். அலுத்துப்போய்தான் அறுவை சிகிச்சைக்குப் படுத்தாள்.

இமைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. மற்றபடி விழிப்புதான். டாக்டர் வலது இமையைத் தூக்கித் தைத்தார். உடனே இடது இமை மொத்தமாக இறங்கிவிட்டது. அதையும் தூக்கினார். இரண்டும் நின்றன. முகமூடிக்கு மேலே டாக்டரின் தூக்கமில்லாத கண்களை அவள் முழுதாகப் பார்த்தாள். அழுகை வந்தது.

அதற்குள் அவளுடைய செல்போன் அடித்தது. நர்ஸ் அதை அவள் காதில் வைத்தாள். டவுன் பஸ் ஓட்டும் புருஷன் பொன்னுரங்கம்.

"என்னடி பண்ணித் தொலச்ச? கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. பஸ்ஸ ஓரங்கட்டிட்டு நிக்கிறேன்."

"நில்லுங்க."

"உனக்குத்தான் பழகிப்போச்சே. திரும்ப எறக்கிவிடச் சொல்லு."

டாக்டர் நூலைப் பிடித்தபடி காத்திருந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வீட்டுக்கும் அதே கதைதான். அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது.

"எறக்க வேண்டாம் டாக்டர். அவருக்கும் தூக்கித் தச்சிருங்க."

மறுநாள் பொன்னுரங்கத்துக்கும் தைத்தார்கள். வீட்டில் அதற்குமேல் ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை எதிர்ப்பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி வந்து நின்றார்.

"ஷட்டர் மேல ஏறவே மாட்டேங்குது தாயி. ஆளுகள வெச்சுத் தூக்கியும் பாத்தாச்சு. நீங்க செத்த நேரம் கண்ண எறக்கிக்கிட்டா நான் கடையத் தெறந்துருவேன்."

செண்பகவல்லி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க மூக்குல மச்சம் இருக்கா அண்ணாச்சி? இத்தன நாளும் தெரியாமப் போச்சே."

"ஆமா தாயி. கண்ண..."

"நான் எறக்க மாட்டேன். ஷட்டர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்ல டாக்டர்தான். ஊசி மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

அண்ணாச்சி ஷட்டரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினார். வழியில் அது பயந்துவிடக் கூடாதென்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.