கறுப்பு வெள்ளையில் ஒரு பத்து

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வீடியோ கேம் வட்டாரத்தில் அவர் பெயர் தசமம். எட்டு என்று முழுசாக மதிப்பெண் போட அவருக்குக் கை வராது. எட்டு புள்ளி மூன்று என்பார். ஏன் எட்டு புள்ளி நான்கு இல்லை என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள், கேட்டவருக்கு இல்லை. தான் எழுதுவதை விமர்சனம் என்று சொல்லவும் விடமாட்டார். அது மதிப்பாய்வு. ஒரு கேமை விளையாடினேன் என்று சொல்வது கூட அவருக்குக் கௌரவக் குறைவு. 'உள்ளே போய் வந்தேன்' என்பார். "போனது சரி, திரும்பி வந்த மாதிரி தெரியலையே" என்பது அவர் மனைவியின் மதிப்பாய்வு.

அவர் வேலை பார்த்த இணையதளத்தில் பத்துக்குத்தான் மதிப்பெண். ஆனால் புழக்கத்தில் இருந்தது ஏழுக்கு மேல் உள்ள பகுதி மட்டும். ஆறு போட்டால் கேம் கம்பெனிக்காரர்கள் துக்கம் விசாரிக்கும் குரலில் போன் செய்வார்கள். ஐந்து, நான்கு போன்ற எண்கள் அந்த அலுவலகத்தில் மணி பார்க்க மட்டுமே பயன்பட்டன. அந்தப் பக்கம் பத்தும் அப்படித்தான். தசமம் தன் வாழ்நாளில் யாருக்கும் பத்து போட்டதில்லை.

மதிப்பெண் போடுகிறவர்கள் இரண்டு பேர். எழுத்தில் தசமம், வீடியோவில் மைக். மைக் முப்பது வயதுக்காரி. சட்டைக் காலரில் குத்திய குட்டி மைக்கைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டாள். அதனால் அந்தப் பெயர். இருவருக்கும் முகத்துக்கு நேரே மரியாதை உண்டு. முதுகுக்குப் பின்னால் என்ன உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஒரே தளத்தில் ஒருவர் ஏழரை, இன்னொருவர் எட்டேகால் என்றால் படிக்கிறவன் குழம்புகிறானாம். "இனிமே மார்க் போட ஒரே ஆள் போதும். அடுத்த கேமுக்கு ரெண்டு பேரும் போடுங்க. பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டார். மிச்ச ஆளுக்கு வேறு ஏதாவது வேலை இருக்கும். என்ன வேலை என்று தசமம் கேட்கவில்லை. மதிப்பெண் போடாத தசமம் எதற்கு?

அடுத்த கேமின் பெயர் 'கடைசித் துடுப்பு'. ஒரு படகுக்காரி, அவள் அண்ணன், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். கம்பெனி அதை முன்கூட்டியே கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. மைக்குக்குப் பெரிய திரையில் ஆடும் கன்சோல் வந்தது. தசமத்துக்குக் கையடக்கக் கருவி. கருவியும் புதுசு, கேமும் புதுசு. முன்னோட்டக் காட்சிகளை அவர் பார்ப்பதே இல்லை. அடுத்தவர் மென்று கொடுத்ததைத் தின்னமாட்டேன் என்பது கொள்கை.

மூன்றாம் பாகத்தில் அண்ணன் மூழ்கிப் போனான். தசமம் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து தொடர்ந்தபோது உலகம் கறுப்பு வெள்ளையாகியிருந்தது. கடல் சாம்பல், வானம் சாம்பல், படகுக்காரியின் முகம் பழைய புகைப்படம். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தார். திரும்பவில்லை. நான்காம் பாகத்திலும் இல்லை, ஐந்திலும் இல்லை. கடைசிக் காட்சியில் அவள் அண்ணனின் சட்டையைத் துடுப்பில் கொடியாகக் கட்டிக்கொண்டு விடியலை நோக்கிப் போனாள். அந்த விடியலும் சாம்பல்தான். தசமம் அழுதார். தன் தொழிலில் கடைசியாக எப்போது அழுதோம் என்று யோசித்துப் பார்த்தார். சம்பளச் சீட்டைப் பார்த்து அழுததைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பத்து போட்டார். புள்ளி இல்லாத பத்து. 'நிறத்தைக் காட்டி மயக்கும் ஆட்டங்கள் ஆயிரம். நிறத்தைப் பறித்துக் கண்ணைத் திறந்த ஆட்டம் இது ஒன்றே' என்று எழுதினார். ஒரு கதவைத் திறக்க மூன்று விளக்குகளைச் சரியான வரிசையில் ஏற்ற வேண்டும். மூன்றும் ஒரே சாம்பல். கைக்கு வந்த வரிசையில் ஏற்றி ஏற்றி ஒருவழியாகத் திறந்தார். கட்டுரையின் கடைசிப் பத்தியில் அதை 'விடையற்ற புதிர், வாழ்வைப் போலவே' என்று பாராட்டினார். முதலாளிக்கு அந்த நிறம் பறித்த வரி ரொம்பப் பிடித்துப்போய், மதிப்பெண்ணோடு சேர்த்துக் கம்பெனி விளம்பரத்துக்கும் அனுப்பிவிட்டார். அங்கேயும் யாரும் எதுவும் கேட்கவில்லை. விளம்பரப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கேம் ஆட ஏது நேரம்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் காபி எடுத்துக்கொண்டு திரும்பும்போது மைக்கின் திரை கண்ணில் பட்டது. அடுத்தவர் வேலையை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டத்தைக் கொண்டுவந்தவரும் தசமம்தான். ஆனால் கால் நின்றுவிட்டது. அதே கடைசிக் காட்சி. படகு நீலம். வானம் ஆரஞ்சு. அண்ணனின் சட்டை கிளிப்பச்சை.

இவள் வேறு ஏதோ கேமைப் பார்க்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் மைக் ஒரு பொத்தானைத் தட்டினாள். அவர் கண் முன்னாலேயே அந்த நீலமும் ஆரஞ்சும் பச்சையும் வடிந்து, காட்சி கறுப்பு வெள்ளையானது.

"என்னம்மா பண்றீங்க?"

மைக் திரும்பினாள். "இந்தத் துண்டைக் கம்பெனி விளம்பரத்துக்குன்னு கலர்ல குடுத்திருக்காங்க சார். கேமுக்குள்ள கறுப்பு வெள்ளைதானே. அதான் மாத்தறேன்."

"நீங்க ஆடும்போதும் அப்படித்தான் இருந்துச்சா?"

"பின்னே?" என்றாள் மைக். கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று.

தசமம் மாடிப்படிக்குப் போய் கருவியை எடுத்தார். அதன் அமைப்புகள் பக்கத்துக்குள் அவர் இதுவரை நுழைந்ததே இல்லை. ஐந்தாவது வரியில் இருந்தது: திரை நிறம், கறுப்பு வெள்ளை. மனைவிக்குப் போன் போட்டார்.

"என் கேம் மெஷின்ல ஏதாவது கை வச்சியா?"

"தலைவலி தலைவலின்னு துடிச்சீங்களே, கலரைக் குறைச்சா கண்ணுக்கு நல்லதுன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. மாத்தி வச்சேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"குளிக்கும்போது கதவைத் தட்டிச் சொன்னேனே. ம்னு சொன்னீங்க." பிறகு, "ஏங்க, தலைவலி தேவலையா?" என்றாள்.

வைத்துவிட்டார். அமைப்பை மாற்றிக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினார். மிட்டாய்க் கடையில் வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு விடியல். மூன்று விளக்குகளையும் போய்ப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பக்கத்துச் சுவரில் அதே நிறங்களில் மூன்று கோடுகள் இழுத்து, ஏற்ற வேண்டிய வரிசையைக் காட்டியிருந்தார்கள். சுமாரான, நல்ல பிள்ளை மாதிரியான கேம். ஏழு புள்ளி எட்டு.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. உலகத்திலேயே ஒரே ஒரு கருவியில்தான் 'கடைசித் துடுப்பு' கறுப்பு வெள்ளை. அந்தக் கருவி அவர் கையில் இருந்தது. அப்படியானால் மைக் அதை எங்கே பார்த்தாள்? வேறெங்கும் இல்லை, அலுவலகத்தின் பொதுக் கணினியில் அவர் போட்டு வைத்திருந்த கட்டுரையில்தான் பார்த்திருக்கிறாள்.

சத்தம் போடாமல் தன் கட்டுரையை மட்டும் திருத்தினால் போதும். ஆறு மணிக்கு அவர் கலரில் நிற்பார். அவள் மாட்டிக்கொள்வாள். மார்க் போட ஒரே ஆள். அதற்காக அவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார். பத்தை அழித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் தன் குரலை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "விடையில்லாத ஒரு புதிர் வருது பாருங்க, நம்ம வாழ்க்கை மாதிரியே..."

தசமம் தட்டுவதை நிறுத்தினார். அது கடைசிப் பத்தி. அவர் கட்டுரைகள் நீளமானவை. முதலாளி முதல் பத்தியும் மதிப்பெண்ணும் பார்ப்பார். வாசகர்கள் மதிப்பெண் மட்டும் பார்த்துவிட்டுக் கீழே போய்த் திட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் கடைசிப் பத்தி வரைக்கும் வந்த ஒரே ஜீவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

எழுந்து போனார். "அந்த வீடியோவை ஏத்தாதீங்கம்மா. கேம் கறுப்பு வெள்ளை இல்ல."

மைக் சிரித்தாள். "நல்லா இருக்கு சார். நான் கடைசி நேரத்துல மாத்திடுவேன், நீங்க மட்டும் ஆழமாப் பாத்தவர் ஆயிடுவீங்க." அதோடு விடவில்லை. அண்ணன் போனபின் நிறமும் போவதன் தத்துவத்தை அவருக்கே எடுத்துச் சொன்னாள். அத்தனையும் அவர் எழுதிய வாக்கியங்கள். அவள் வாயில் கேட்கும்போது அவை இன்னும் பொய்யாக இருந்தன.

மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை நம்பவைக்க ஒரு வழிதான் இருந்தது. தசமம் குரலைத் தாழ்த்திக் குளியலறை, கதவு, மனைவி, 'ம்' எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கருவியை நிறத்தோடு அவள் முன்னால் நீட்டினார்.

மைக் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தனக்கு அது எப்படிக் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது என்ற கேள்வி அவள் முகத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"நான் எதுவும் கேக்கல" என்றார் தசமம். "ஏத்தாதீங்க, அவ்வளவுதான்."

மறுபடி திருத்த உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது, கம்பெனி கையில் ஏற்கனவே பத்து இருந்தது. காரணம் சொல்லாமல் அதை ஏழு புள்ளி எட்டாக்க முடியாது. ஆகவே காரணத்தை எழுதினார். தத்துவம் எதுவும் இல்லாமல், அவர் எழுதியதிலேயே சின்னதாக, பத்து வரி. ஆறு மணிக்கு அது தளத்தில் ஏறியது. மைக்கின் வீடியோ ஏறவில்லை.

முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பெனிக்காரன் போனில் கத்தியதை முழுதாக நடித்துக் காட்டினார். அதற்கு நடுவே தன் போனைப் பார்த்து, "ஆனா ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கய்யா" என்றும் சொன்னார். பிறகு மைக்கிடம் திரும்பி, அவள் வீடியோ எங்கே என்றார்.

மைக் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலர் மைக் ஏறி ஏறி இறங்கியது. தசமம் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம்தான்.

"அவங்க மெஷின் மக்கர் பண்ணுச்சு" என்றார்.

"நல்லவேளை" என்றார் முதலாளி. "இனிமே மார்க் அவங்களே போடட்டும். நீ மாசத்துக்கு ஒரு தடவை இப்படி எதையாவது தப்பா ஆடி எழுதுய்யா. தலைகீழாப் பிடிச்சு ஆடு, கண்ணைக் கட்டிட்டு ஆடு, உன் இஷ்டம். மார்க் மட்டும் போடாதே." காலைக்குள் மைக்கின் வீடியோ வேண்டும் என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரனைச் சமாதானப்படுத்தப் போனார்.

தசமம் பையை எடுத்தார். மைக் கன்சோலை ஆன் செய்துவிட்டு அவர் பக்கம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தார்.

"சார், அந்த மூணு விளக்கு, எந்த வரிசை?"

"மார்க் போடறவங்க நீங்கம்மா. நீங்கதான் ஆடணும்."

அவள் போய் உட்கார்ந்தாள். திரையில் அண்ணன் இன்னும் உயிரோடு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.