எந்தத் தெரு

“அந்தப் பொண்ணுமா வர்றா?”

தொமோயே அம்மாளின் கை அலமாரிக் கதவிலேயே நின்றுவிட்டது. எதிரே மகன் மொரிஹிகோ. பள்ளியின் விடைபெறும் விழா முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. வகுப்பு முழுவதையும் மத்தியானம் விருந்துக்கு அழைத்திருப்பதாக அவன் முன்பே சொல்லியிருந்தான். முழுவதும் என்றால் அதில் ஒரியேவும் உண்டு என்பது தாய்க்கு இப்போதுதான் உறைத்தது.

“கிளாஸ் லீடரா இருந்துக்கிட்டு அவளை மட்டும் எப்படிம்மா விடறது? வாத்தியாருக்கு முன்னாடி வேற சொல்லிட்டேன். அவளா வராம இருந்துடுவான்னு நெனச்சேன்.”

அவனுடைய பெருந்தன்மை அந்த அளவில் இருந்தது. அழைத்த பெயரும் கிடைக்க வேண்டும், அழைக்கப்பட்டவள் வரவும் கூடாது.

தொமோயே அம்மாள் வேலைக்காரி ஃபூமியின் பக்கம் திரும்பினாள். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மற்ற நாலு விரல்களையும் காட்டினாள். நாலு கால் பிராணிகளை அறுத்துத் தோல் உரித்தவர்களின் வம்சம் என்பதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த சைகை அது. ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அவர்கள் தெருவுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் மரியாதைப்பட்டவர்கள் அதை உச்சரிக்க மாட்டார்கள். ‘அந்தப் பக்கம்’ என்பார்கள். அந்தப் பக்கத்தார் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றுதான் அப்படிச் சொல்வார்கள். எல்லாரும் சமம் என்று அரசாங்கம் ஆணை போட்டுத் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. முந்தின வருஷம் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து, குண்டு போல் பாயும் ரயிலும் விட்டாயிற்று. எங்கள் ஊரில் மட்டும் நாலு விரல் மடங்கவில்லை.

ஃபூமி புரிந்துகொண்டாள். பரம்பரையாக வந்த நீலப்பூப் போட்ட கோப்பைகளை எல்லாருக்கும் எடுத்து வைத்தாள். அடுப்படியின் கீழ்த்தட்டிலிருந்து, அரிசிக்கடைக்காரன் புதுவருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்த தடித்த வெள்ளைக் கோப்பை ஒன்றைத் துடைத்துத் தனியாக வைத்தாள்.

இந்த வீட்டின் தலைவர் குராமிட்சு எய்சோ, ஊரின் பெரிய சோயா சாஸ் ஆலைக்காரர், பெற்றோர் சங்கத் தலைவர். அன்று காலைதான் பள்ளி மேடையில் அவர் பேசியிருந்தார். புதிய ஜப்பானில் பிறப்பால் உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது, உழைப்பவன் எவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது முன்வரிசைத் தாய்மார்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். தொமோயே அம்மாளும் எடுத்தாள். அவள் உண்மையாகவே அழுதாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு அழுவது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரியே வந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தபடி, செருப்பைத் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நெட்டையான பெண், குட்டை முடி, காலில் ஓட்டக்காரியின் கெட்டித் தசை. படிப்பில் வகுப்பிலேயே முதல் அல்லது இரண்டாவது. மொரிஹிகோவுக்கு இரண்டாவதாக வருவது பழக்கமாகியிருந்தது.

அறைகளுக்கு நடுவே இருந்த தள்ளுகதவுகளைக் கழற்றி ஒரே பெரிய கூடமாக்கியிருந்தார்கள். சிவப்புப் பயறு போட்ட சோறு, வாட்டிய மீன், பையன்களுக்கு சோடா. வகுப்பாசிரியர் ஒகாத்தா தலைமை இடத்தில் எய்சோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவருக்கு மட்டும் மது ஊற்றப்பட்டது.

ஃபூமி தட்டை நீட்டிக்கொண்டே போனாள். ஒரியேவின் முன்னால் வெள்ளைக் கோப்பை வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இருந்த நீலப்பூக்களைப் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பக்கத்தில் இருந்த அவள் தோழி சிசுரு பார்த்தாள். மொரிஹிகோ பார்த்தான், பார்த்துவிட்டு மீனில் முள் தேட ஆரம்பித்தான். ஒகாத்தா சாரும் பார்த்தார். ஜனநாயகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அவர் குரல் தழதழக்கும். இப்போது தொண்டையில் மது இறங்கிக்கொண்டிருந்ததால் குரல் எழும்பவில்லை.

பழைய கதைகள் கிளம்பின. நாராவுக்குச் சுற்றுலா போனபோது மான் ஒன்று ஒகாத்தா சாரின் தொப்பியைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று அவர் பின்னாலேயே சுற்றியதை நாவிதர் மகன் இனாபா நடித்துக் காட்டினான். சார் மாதிரியும் மான் மாதிரியும் மாறி மாறிச் செய்தான். சார் யார், மான் யார் என்று தெரியாமல் போனதில் கூடமே சிரித்தது. வகுப்பறையைச் சூடாக்கும் அடுப்பு பழுதான குளிர்காலத்தில் எல்லாரும் ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்து வகுப்பைக் கேட்டதை ஒருத்தி சொன்னாள். விளையாட்டு விழாத் தொடரோட்டம் வந்தது. கடைசிச் சுற்றில் ஒரியே இரண்டு பேரைத் தாண்டி ஓடி ஜெயித்ததும் பையன்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

“அன்னைக்கு உன்னைத் தூக்கினதுல என் தோள் ஒரு வாரம் வலிச்சுது” என்றான் இனாபா.

“நீ தூக்கலை, தொங்கினே” என்றாள் ஒரியே. மறுபடி சிரிப்பு.

தோளில் தூக்கியபோது தீட்டு எங்கே போயிருந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஜெயித்தவளின் கால் ஊருக்குச் சொந்தம், உதடு மட்டும் அந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டார்கள் போலும்.

அப்புறம் ஒகாத்தா சார் கையைத் தட்டி ஒரு யோசனை சொன்னார். இருபது வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மொரிஹிகோ முதலில் எழுந்தான். தோக்கியோவில் படித்துவிட்டு வந்து, குராமிட்சு புட்டி இல்லாத அடுப்படியே நாட்டில் இல்லாமல் செய்யப்போகிறானாம். அப்பா தலையாட்டினார். இனாபா வானொலியில் பேசப்போகிறான், சவரக்கத்தியைத் தொடப்போவதில்லை. ஒருத்தி நர்ஸ். ஒருத்தி, பெயர் வைத்த நாய் ஒன்றும் பியானோவும் உள்ள வீட்டில் மனைவி.

சிசுரு எழுந்து, நகரத்தின் வங்கியில் ஏப்ரலில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். சொல்லும்போது ஒரியேவைப் பார்க்கவில்லை. இருவரும் ஒன்றாகத்தான் அந்தத் தேர்வை எழுதியிருந்தார்கள். ஒரியேவுக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று ஒகாத்தா சாருக்குத் தகவலும் வந்திருந்தது. நேர்முகத்துக்குப் பிறகு ஒரியேவுக்கு மட்டும் வருத்தத்தோடு இல்லை என்று பதில் வந்தது.

எய்சோவின் முகம் மதுவில் சிவந்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார். “பேங்க் மேனேஜர் நம்ம ஆளு. ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்டதான் விசாரிப்பாரு. சிசுரு நல்ல குடும்பத்துப் பொண்ணு, கண்ணை மூடிட்டு எடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

சிசுரு தலை குனிந்து நன்றி சொன்னாள். கூடத்தில் கைதட்டல் எழுந்து அடங்கியது.

“ஐயா, என்னைப் பத்தி அவர் என்ன கேட்டாரு?”

ஒரியே உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். குரலில் சூடு இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

எய்சோ கொஞ்சம் திகைத்தார். பிறகு, பொய் சொல்லாத மனிதர் என்ற தம் பெயரை நினைத்துக்கொண்டார். “எந்தத் தெருன்னு கேட்டாரு. சொன்னேன். கேட்டா மறைக்க முடியுமாம்மா?”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லை. அதை மட்டும்தான்.”

ஒகாத்தா சார் கனைத்தார். நாளெல்லாம் வெயில் அடித்தது, இப்போது எதற்கு மேகம் என்பதுபோல் எதையோ சொல்லிவிட்டு, அடுத்தது ஒரியேவின் முறை என்றார். கனவைச் சொல்லு, பெரிய கனவாகச் சொல்லு என்று உற்சாகப்படுத்தினார்.

அவள் எழுந்து நின்றாள்.

“நான் ஓசாகாவுக்குப் போறேன். மாமா வேலை பாக்கற செருப்புத் தொழிற்சாலையில பகல்ல வேலை. சாயங்காலம் காலேஜ்ல சேந்திருக்கேன். படிச்சு முடிச்சு டீச்சரா இதே ஸ்கூலுக்கு வருவேன். உங்க பிள்ளைங்க எல்லாம் அப்போ இங்கதான் படிப்பாங்க. நான் உள்ள நுழைஞ்சதும் எழுந்து நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லுவாங்க. எந்தத் தெருன்னு நான் யாரையும் கேக்க மாட்டேன்.”

தொமோயே அம்மாளையும் எய்சோவையும் பார்த்து முறைப்படி குனிந்து, விருந்துக்கு நன்றி சொன்னாள். வாசலில் செருப்பைப் போடும் சத்தம் உள்ளே எல்லாருக்கும் கேட்டது. சிசுரு பாதி எழுந்தாள். வங்கியிலிருந்து பதில் வந்த அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடிய தன் அம்மாவை நினைத்தாளோ என்னவோ, மீண்டும் உட்கார்ந்துவிட்டாள்.

“கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா கொஞ்சம் கோவக்காரி” என்றார் ஒகாத்தா சார்.

அன்று சாயங்காலம் கிடங்குக்குப் பின்னால் வெள்ளைக் கோப்பை உடைக்கப்பட்டது. ஃபூமி அதை ஒரு துணியால் பிடித்து எடுத்துப் போனாள். துணியையும் எறிந்துவிடச் சொன்னாள் தொமோயே அம்மாள். அது நல்ல துணி என்பதால் ஃபூமி எறியவில்லை.

ஒரியே சொன்னதைச் செய்தாள். பசைவாடையடிக்கும் கையோடு மாலைக் கல்லூரிக்குப் போய், தூக்கத்தோடு சண்டை போட்டுப் படித்து, வேறு வேறு ஊர்களில் ஆங்கில ஆசிரியையாக இருந்து, கடைசியில் அதே பள்ளிக்கு மாற்றலாகி வந்தாள். பாலத்துக்கு அப்பால் பிறந்த தெருவிலேயே தாயோடு குடியிருந்தாள். அவள் வகுப்பில் நாவிதர் கடை இனாபாவின் மகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். இனாபா வானொலிக்குப் போகவில்லை, அப்பாவின் கத்தியைத்தான் பிடித்திருந்தான். சிசுரு வங்கியில் மேலதிகாரிகளுக்குத் தேநீர் ஊற்றி, கல்யாணமானதும் நின்றுவிட்டாள். அவளுடைய பையனும் எழுந்து நின்றான்.

மொரிஹிகோவின் மகன் நவோகி மட்டும் வரவில்லை. அவன் பள்ளியில் சேர வேண்டிய வருஷம்தான் ஒரியே மாற்றலாகி வந்திருந்தாள். குராமிட்சு வீட்டில் கூடிப் பேசி, பையனைத் தொலைவில் இருந்த நகரத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே படிப்பு உயர்ந்தது என்று ஊருக்குச் சொன்னார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி இருக்க, அந்தப் பையன் விடியுமுன் எழுந்து, ரயில் நிலையத்தில் தூணில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினான். மூன்று தலைமுறையாகச் சேர்த்த கௌரவத்தை ஒரு பள்ளிப் பிள்ளை முதுகில் சுமந்து திரிந்தான். இரண்டாம் வருஷத்தில் ஆங்கிலத்தில் தோற்றான். இன்னொரு தடவை தோற்றால் நீக்கிவிடுவோம் என்று பள்ளி சொல்லிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய மழை. ஒரியேவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மொரிஹிகோ. முகம் தெரியாதபடி கறுப்புக் குடையைத் தோள்வரை இறக்கிப் பிடித்திருந்தான். குராமிட்சு ஆலையின் முதலாளி அந்தத் தெருவுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. அதற்கு மழைநாளாகப் பார்த்து வந்திருந்தான்.

அவன் உள்ளே வரவில்லை. அவளும் வா என்று சொன்னாள், வற்புறுத்தவில்லை. பழைய நாட்கள், மான், தொப்பி என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தான். பையனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆங்கிலம் சொல்லித் தர முடியுமா? எவ்வளவு கேட்டாலும் தருகிறான். இருட்டிய பிறகு அனுப்புகிறான். வெளியே தெரிய வேண்டாம்.

“உனக்கே தெரியுமே, ஒரியே. எனக்கு ஒண்ணும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அப்பாவுக்காகத்தான்.”

“அப்பாவுக்கு இப்ப என்ன வயசு?”

“எண்பது தாண்டிடுச்சு. படுக்கையிலதான் இருக்காரு.”

ஒரியே கதவை முழுக்கத் திறந்தாள். “பையனை நம்ம ஸ்கூலுக்கு மாத்து. முன்வரிசையில உக்கார வெச்சுச் சொல்லித் தர்றேன். பணம் வேண்டாம். பகல்ல, எல்லாப் பிள்ளைங்களோடயும்.”

“அது... அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

“இப்பத்தானே அப்பான்னு சொன்னே?”

கூரையிலிருந்து தண்ணீர் குடையின் மேல் விழுந்து தெறித்தது.

“நேரமாகுது, கிளம்பு மொரிஹிகோ” என்றாள் ஒரியே. “மேற்கால வெளுத்துடுச்சு. மழை விட்டா மூஞ்சி தெரிஞ்சிடும்.”

அவன் பாலத்தை அடைவதற்குள் மழை விட்டுவிட்டது. பளிச்சென்று வெயில் அடித்தது. கரையில் துணி உலர்த்த வந்த பெண்கள் கண்ணுக்கு மேல் கை வைத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குடையை மடக்கவில்லை.