கடைசிப் பெயர்

இந்த நாட்டில் ஒருவருடைய பெயரில் கடைசியாக எது வருகிறதோ, அவர்தான் அந்த ஆள். முன்னால் வருவதெல்லாம் வீட்டில் கூப்பிட வைத்துக்கொள்ளும் செல்லப்பெயர். என் பாஸ்போர்ட்டில் இளம்பரிதி சுடலைமுத்து என்று இருந்தது. ஆகவே அக்டோபர் மூன்றாம் தேதி விமானத்தில் வந்து இறங்கியவர் என் அப்பா.

எனக்கு முன்பே என் பணம் வந்துவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்பது வருடம் கிரேன் பராமரித்துச் சேர்த்த பணம். அதை யாரும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை, எதற்காக வருகிறாய் என்று கேட்கவில்லை. அதை எடுக்க எனக்கு அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மாத அட்வான்ஸ் கட்டினால் தவமலர் அக்கா என்ற யாழ்ப்பாணத்துக்காரரின் மாடி அறை எனக்குக் கிடைக்கும். அறைப் பத்திரம் இருந்தால்தான் ஊரில் இருக்கும் மனைவி பூரணவல்லிக்கு விசா கேட்க முடியும். அதுவரை தெரிந்தவர்களின் சமையலறைகளில் படுத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாளில் அது மூன்றாவது சமையலறை.

வங்கியில் இங்க்ரிட் என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, பணம் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

"திரு சுடலைமுத்து எப்போது வருவார்?"

"அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது."

"அது பரவாயில்லை. அவருக்கு முகவரி இருக்கிறதா?"

கடற்கரைச் சாலை மையவாடி, தெற்கு வரிசை, ஏழாவது குழி என்று சொன்னேன். எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு அவரை வரச் சொன்னாள்.

அப்பா பத்து மணிக்கே வந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதும் எந்த இடத்துக்கும் முன்னதாகப் போய் நிற்பவர்தான். புதைக்கும்போது உடுத்திவிட்ட வேட்டி அப்படியே இருந்தது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியதை யாரும் அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. டிராமிலிருந்து இறங்கிக் குட்டிக் குட்டி அடியாக வைத்து வந்தார். நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய் எந்த வகை வருமானம் என்று கேட்டு இங்க்ரிட் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். 'மகன் வைத்தது' என்று எழுதினார். உறவினர் அன்பளிப்பு என்று அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. பதினோரு வருடமாக ஒரே முகவரி, புதிய கடன் கிடையாது, செலவு கிடையாது. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இப்போது கிடைப்பதில்லை என்று சொல்லி அப்பாவின் கையில் அட்டையைக் கொடுத்தாள். எனக்கு வங்கியின் பெயர் அச்சடித்த ஒரு பேனா கொடுத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெளியே வந்ததும் அட்வான்ஸ் பணத்தைப் பணிவாகத்தான் கேட்டேன்.

"எதுக்குலே அவ்வளவு ரூவா?" என்றார் அப்பா.

"ரூம் எடுக்கணும்ப்பா. அவள வரச் சொல்லணும்லா."

"ரூம நான் ஒரு எட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பார்த்தார். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார். தவமலர் அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்தார். அது ஆறி ஆடை கட்டும் வரை அவர் தொடவில்லை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. ஐயாவின்ர பேரிலயே எழுதுவம். சமைக்கமாட்டார், குளிக்கமாட்டார், ஹீட்டரும் போடமாட்டார். இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் ஆறு வருசமாத் தேடிக்கொண்டிருக்கிறன்."

அப்பா குடியேறினார். விருந்தாளி என்ற வகையில் நானும் அங்கே தங்கலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். சுடலைமுத்துவின் மருமகள் என்றதும் பூரணவல்லிக்கு மூன்றே வாரத்தில் விசா வந்தது. என் பணம் ஒன்றைத் தவிர எல்லாம் நல்லபடியாக நடந்தது. முப்பத்தாறு வயதில், டிராம் டிக்கெட்டுக்குக் கூட எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லித்தான் கை நீட்ட வேண்டியிருந்தது. அவமானமாக இருந்தது.

பூரணவல்லி ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருந்தவள். அவளும் தன் சேமிப்பை முன்கூட்டியே அனுப்பியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்பதால் அதில் பூரணவல்லி இளம்பரிதி என்று இருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் இங்க்ரிட் எழுந்து நின்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"திரு இளம்பரிதி, வாருங்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களா?"

அட்டையை என்னிடம் கொடுத்தாள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூரணவல்லிக்குப் பேனா கிடைத்தது.

"அதுல என் வளையல் வித்த ரூவாயும் இருக்குங்க" என்றாள் அவள்.

"அது எங்க போயிரப்போவுது?" என்றேன்.

அடுத்த வாரம் பனிக்கு ஒரு பழைய பூட்ஸ் வாங்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேராக வங்கிக்குப் போனாள். தானும் இந்த நாட்டுக்கு வந்து சேர என்ன வழி என்று இங்க்ரிட்டைக் கேட்டிருக்கிறாள். அவள் பெயரைக் கடைசியில் வைத்திருக்கும் யாராவது ஒருவர் வேண்டும் என்று பதில் கிடைத்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அப்படி ஒருவரும் இல்லை.

"பொம்பள பேர எவம்லே கடைசில போடுவான்?" என்றார் அப்பா.

பூரணவல்லி மறுநாள் காலை குப்பைத் தொட்டிப் பக்கம் திரியும் சாம்பல் நிறப் பூனையைத் தூக்கிக்கொண்டு நகராட்சிக்குப் போய், சொக்கி பூரணவல்லி என்று பதிவு செய்தாள். பதினோரு மணி பத்து நிமிடத்துக்குப் பூரணவல்லி நாட்டுக்குள் வந்து சேர்ந்ததாகச் சீட்டு கொடுத்தார்கள். பணத்தை அனுப்பியவர் இப்போது நேரிலேயே இருக்கிறார் என்பதால் வங்கி அதை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டது. சாயங்காலம் ரொட்டி வாங்கப் போன இடத்தில் என் அட்டை வேலை செய்யவில்லை.

இப்போது நான் இரண்டு பேரிடம் காரணம் சொல்கிறேன். பூரணவல்லி அப்பாவைப் போல இல்லை, பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை கேட்டுக்கொள்கிறாள். பிறகு இல்லை என்கிறாள்.

எனக்கென்று சம்பளம் வந்தால்தான் தீரும் என்று, இங்குள்ள துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஒன்பது வருடச் சான்றிதழ்களையும் இணைத்தேன். உள்ளூர் அனுபவம் இல்லை என்று போன வியாழக்கிழமை பதில் வந்தது. அதே தபாலில், அதே துறைமுகத்திலிருந்து சொக்கிக்கும் ஒரு கடிதம் இருந்தது. இங்கேயே பிறந்தவர்களுக்கு முதல் பெயரும் செல்லுபடியாகுமாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாதுகாப்புத் தொப்பியோடு ஐந்தாம் எண் கிரேனுக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எந்தப் பல்சக்கரத்துக்கு எவ்வளவு கிரீஸ் போட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொக்கிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.