கெஸ்ட்ரல் தெரு வரை

தல்லாரா என்ற ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருந்தது. கிளெனிஸைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வாள். கெஸ்ட்ரல் தெருவும் அதற்கு மேலே மேட்டில் ஏறும் தெருக்களும் ஒன்று. அதற்குக் கீழே, ரயில் பாதை வரை இறங்கும் மூன்று தெருக்கள் இன்னொன்று. அங்கேயும் அதே செங்கல், அதே ஓடு, கட்டியவனும் அதே ஆள்தான். ஆனால் மேலே ஒரு வீடு விற்றால் கீழே விற்பதைவிட இரண்டு லட்சம் டாலர் கூடக் கிடைக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் கிளெனிஸ் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"நல்ல மனுஷங்கதான். ஆனா அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்றால், வீட்டு முன்னால் புல்லில் சக்கரம் கழற்றிய கார் நிற்கும் பக்கம். கிளெனிஸின் வீட்டு முன்னாலும் அவள் கணவர் நெவிலின் ஓட்டைப் படகு தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அது வேறாம். படகுக்கு ஓர் அந்தஸ்து உண்டாம்.

அந்த வருஷம் நெவிலுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோனது. வாசல்படி ஏறுவதற்குள் பாவம், மனுஷருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடலோரத்தில் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்குள் இந்த வீடு நல்ல விலைக்குப் போகாவிட்டால் அந்த வீடும் போச்சு, முன்பணமும் போச்சு.

"ஊர்ப் பேருக்குப் பின்னாடி ஹைட்ஸ்னு ஒரு வார்த்தை ஒட்டுங்க மேடம், விலை தானா ஏறும்," என்று வீட்டுத் தரகன் பிரென்ட் கொளுத்திப் போட்டான்.

கிளெனிஸ் பற்றிக்கொண்டாள். மேட்டுத் தெருவெல்லாம் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். 'தல்லாரா ஹைட்ஸ்', அதாவது உயரத் தல்லாரா, என்று மேட்டைத் தனி ஊராகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாத ஒரே ஆள் எதிர்வீட்டு ரென்சோ கிழவர்.

"பேரு வெச்சா மேடு இன்னும் உசந்துருமா? போம்மா, என் தக்காளிக்குத் தண்ணி ஊத்தணும்," என்றார்.

"பொறாமை," என்றாள் கிளெனிஸ், வீட்டுக்கு வந்து.

நகராட்சிக் கூட்டத்தில் அதிகாரி அம்மாள் வரைபடத்தை விரித்தாள். "ரயில் பாதையையே எல்லையா வெச்சுக்கலாமே. யாருக்கும் சண்டை இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். கிளெனிஸ் எழுந்துவிட்டாள். "அந்த மூணு தெருவையும் உள்ள இழுத்துப் போட்டா அப்புறம் தனிப் பேரு எதுக்குங்க? கெஸ்ட்ரல் தெரு வரைக்கும்தான். அதுக்குக் கீழ ஒரு வீடு வரக்கூடாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இருபத்தெட்டு வருஷமா அந்தத் தெருவுலதான் இருக்கேன். எனக்கா தெரியாது?"

அதிகாரி அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் முன்பு, அந்த நாட்டு வசந்த காலத்தில், பெயர்ப்பலகை வந்தது. ரென்சோவின் வாசலில் நட்டுவிட்டுப் போனார்கள். 'தல்லாரா ஹைட்ஸ் உங்களை வரவேற்கிறது.' கிளெனிஸின் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. முதலில் அவளுக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் ஏதோ உறைத்தது. நகராட்சிக்குப் போன் போட்டாள்.

"தெருன்னு எல்லை சொன்னா கோடு தெரு நடுவுல போகும்," என்றாள் அதே அதிகாரி. "எப்பவும் அப்படித்தான். எதிர்ச்சாரி ஹைட்ஸ். உங்க சாரி கீழ்ப்பக்கம், பழைய தல்லாராவோட இருக்கு. அதனாலதான் அன்னைக்கே கேட்டேன்."

கிளெனிஸ் முகத்தில் ஈயாடவில்லை. நெவில் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ரயில் பாதைன்னே விட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு அவளால் அழத்தான் முடிந்தது.

சனிக்கிழமை கிளெனிஸின் வீட்டு வாசலிலேயே ஏலம்; அந்த ஊரில் வீடு விற்பதே அப்படித்தான். வழக்கம்போலத் தெருவே காபிக் கோப்பையோடு புல்தரையில் கூடிவிட்டது, வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க. ரென்சோ மடக்கு நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடாத அந்த மனுஷருக்கு இரண்டு வாரமாக, 'ஹைட்ஸ் வீட்டை விற்றுத் தருகிறோம்' என்று வரும் தரகர்களின் தொல்லை தாங்கவில்லை.

பிரென்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஹைட்ஸை நேருக்கு நேர் பார்த்த வீடு இது. இப்படி ஒரு பார்வை லேசுல அமையாது."

ரென்சோ விழுந்து விழுந்து சிரித்தார். ஏலத்தொகை இரண்டு படி ஏறிவிட்டு, வேண்டிய தொகைக்கு வெகு கீழே படுத்துக்கொண்டது. பிரென்ட் கெஞ்சினான், கொஞ்சினான், ஒன்றும் நகரவில்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஓர் இளம் ஜோடி மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. கிளெனிஸ் அவர்களையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் பெயர்ப்பலகைக்குப் போய், தார்ப்பாய்ப் படகுக்குத் திரும்பியது. புருஷன் காதருகே குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியது போதவில்லை.

"நல்ல வீடுதான். ஆனா அந்தப் பக்கம்."

அவர்கள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிரென்ட் ஏலத்தை முடித்து, சுத்தியலைப் பைக்குள் வைத்தான். கூட்டம் கலைந்தது. ரென்சோகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை மடக்கினார்.

நெவில் கைத்தடியை ஊன்றி வாசல்படிக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் படிகளையே பார்த்தார்.

"கையக் குடு கிளெனிஸ்," என்றார். "நமக்கு வாய்ச்ச ஹைட்ஸ் இதான். ஏறுவோம்."