மர்மலேட்டில் முதல் பரிசு

யாரகுல்லா வேளாண் கண்காட்சியில் அந்த ஆண்டு கொடுத்த முதல் பரிசுச் சான்றிதழ்களில், கரையில் அச்சிட்டிருந்த வாட்டில் மரத்து இலைகளும் மஞ்சள் பூக்களும் உள்நோக்கி வளரத் தொடங்கின. முதலில் கவனித்தவர் கிடாய்க்குப் பரிசு வாங்கிய கிளாரி டக்வெல். சட்டமிட்டு மாட்டிய காகிதத்தில் ஒரு பூ அவர் பெயரின் முதல் எழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அச்சகத்துக்காரனைத் திட்டிவிட்டு மனிதர் ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போய்விட்டார். பெயர் முழுவதும் இலைக்குள் மறைந்த அன்று, தன் வேலிக்கதவின் அருகே வாட்டில் மரமாக நின்றார். தொப்பி கிளையில் மாட்டியிருந்தது. அவர் மனைவி தண்ணீர் ஊற்றினாள், வேறென்ன செய்வாள்? அந்த மாதம் கோதுமை விலை சற்று ஏறியது.

அடுத்து, பூசணிக்காயில் முதல் பரிசு வாங்கிய வங்கி மேலாளர். கத்தரிக்கோலால் இலைகளை வெட்டினார். வெட்டிய இடத்தில் இரட்டையாகத் துளிர்த்தது. காகிதத்தை வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டினார். ஒரு வாரத்தில் பணம் கட்டும் மேசைக்குப் பின்னால் மரம் நின்றது. பரிசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் உயிரைக் கொடுப்பார்கள், முதல் பரிசைக் கொடுக்க மாட்டார்கள்.

முதல் பரிசுக்காரர்களில் மிச்சமிருந்தவள் மெர்ல் ஹாப்குட். ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சும் மர்மலேட் ஜாமில் அவளை வெல்ல ஆள் கிடையாது. காலையில் எழுந்ததும் இலைக்கும் தன் பெயருக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பாள். இரண்டு விரல் இடைவெளி ஒன்றரை ஆயிற்று. சோறு தண்ணி இறங்கவில்லை. அவள் கணவன் லெஸ்தான் வழி சொன்னான்.

"கடையில வாங்கி என் பாட்டில்ல ஊத்தினேன்னு போய்ச் சொல்லிடு. பரிசு ரத்தாயிடும். உசிரு போகுது, இதுல ஜாம் என்ன ஜாம்!"

"ரத்தானா ரெண்டாவது வந்தவளுக்குப் போகும். பக்கத்துப் பண்ணை ஈடித்துக்கு."

லெஸ் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

இலை பெயரைத் தொட்ட அன்று மெர்ல் கண்காட்சிக் குழுவிடம் போய்ப் பொய் சொன்னாள். அது பொய்யென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி மர்மலேட் எந்தக் கடையிலும் கிடைக்காது. செயலாளர் பரிசுப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். விதி விதிதான் என்று புதுச் சான்றிதழில் ஈடித் பங்கரின் பெயரை எழுதினார். மெர்ல் வீட்டுச் சுவரில் இலைகள் கரைக்கே திரும்பின. அவள் பக்கத்துப் பண்ணைக்கு ஓடினாள்.

"வாங்காதே ஈடித்! நான் சொன்னது பொய். அது என் கையால காய்ச்சினதுதான்."

"தெரியும்டி. உன் ஜாமைத் தின்னவளுக்குத் தெரியாதா? கல்யாணமாகி இங்க வந்ததுலேர்ந்து உனக்கு அடுத்தவளாவே இருந்துட்டேன். ஒரு தடவையாவது மேல இருக்கேனே."

"செத்துப் போயிடுவடி, பைத்தியக்காரி!"

"கத்தாதே. ஸ்கோன் சுட்டிருக்கேன், சாப்பிட்டுப் போ."

வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஈடித் அதை மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். பொய் சொன்னதை மெர்ல் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தால் பரிசு அவளுக்கே திரும்பியிருக்கும், ஈடித் பிழைத்திருப்பாள். அதற்காகத்தான் மெர்ல் தினமும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குழுக் கட்டடத்தின் படியில் கால் வைப்பாள். தன் பெயரை அந்த இலை வந்து தொட்டது நினைவுக்கு வரும். திரும்பிவிடுவாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று லெஸ்ஸிடம் சொல்வாள். ஈடித் பெயரின் கடைசி எழுத்து இலைக்குள் மறையும்வரை நாளைக்கு நாளைக்கு என்றே போயிற்று.

அடுத்த ஆண்டு கரையில்லாத வெறுங்காகிதத்தைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று குழு முடிவு செய்தது. இது என்ன மளிகைச் சீட்டா என்று ஊரே சண்டைக்கு வந்ததால் பழையதையே அச்சடித்தார்கள். மெர்ல் இப்போது போட்டிக்கு எதுவும் அனுப்புவதில்லை. ஈடித் தன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நன்றாகவே வளர்ந்திருக்கிறாள். வெயில் ஏறினால் மெர்ல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் நிழலில்தான் உட்காருகிறாள்.